வருமானம் கூடினால் வீட்டைக் காலி செய்ய வேண்டுமா?

அரசு கட்டி வாடகைக்கு விடும் வீடுகள் பற்றி இந்தப் பகுதிக்குக் கேள்விகள் வந்துள்ளன. எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியே இருப்பதால், இந்த இதழில் அவற்றுக்குச் சேர்த்துப் பதில் தரப்படுகிறது.

கேள்வி: 'போன வருடம் குறுவையில் கண்டுமுதல் நன்றாக இருந்தது. மூத்த மகளும் வேலைக்குப் போனாள். வருமானச் சான்றிதழில் தொகை ஏறிவிட்டதால், சின்னவளுக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகை நின்றுவிட்டது. இந்த வருடம் பயிர் தண்ணீரில் போய்விட்டது. வியன்னா என்ற ஊரில் அரசு வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வருமானம் ஏறினாலும் காலி செய்யச் சொல்ல மாட்டார்களாம். மகன் படித்துவிட்டுச் சொல்கிறான். உண்மையா?' - திருவாரூர் மாவட்ட விவசாயி ஒருவர்.

பதில்: உண்மைதான். ஆஸ்திரியா நாட்டின் தலைநகரம் வியன்னா. சுமார் 20 லட்சம் பேர் வாழும் ஊர். அங்கே மாநகராட்சிக்கே சொந்தமாகச் சுமார் 2,20,000 வாடகை வீடுகள் இருக்கின்றன. இவை தவிர, லாபத்துக்கு வரம்பு வைத்து நடத்தப்படும் வீட்டுச் சங்கங்களின் வீடுகள் ஏறத்தாழ 2 லட்சம். ஊரின் மக்களில் பாதிப் பேர் இந்த இரண்டு வகை வீடுகளில்தான் குடியிருக்கிறார்கள்.

இந்த வீடுகளுக்கும் வருமான வரம்பு உண்டு. 2024-ம் ஆண்டுக் கணக்குப்படி, தனி ஆள் என்றால் வரி போக ஆண்டுக்குச் சுமார் 57,600 யூரோ. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 52 லட்சம் ரூபாய். இருவர் கொண்ட குடும்பத்துக்குச் சுமார் 85,800 யூரோ. ஆள் கூடக் கூட வரம்பும் கூடும். அந்த ஊர் விலைவாசிக்கும் இது தாராளமான வரம்புதான். துப்புரவுப் பணியாளர், பேருந்து ஓட்டுநர், பள்ளி ஆசிரியர், அலுவலக ஊழியர் என ஊரில் உள்ள பெரும்பாலான குடும்பங்கள் இதற்குள் வந்துவிடும்.

வரம்பு தாராளம் என்பதைவிட முக்கியமான சங்கதி இன்னொன்று இருக்கிறது. வீடு கொடுக்கும்போது வருமானத்தைப் பார்ப்பார்கள். குடியேறிய பிறகு பார்ப்பதில்லை. ஐந்து வருடம் கழித்துச் சம்பளம் இரட்டிப்பானாலும், மனைவியும் வேலைக்குப் போகத் தொடங்கினாலும், பிள்ளை சம்பாதித்தாலும் 'வரம்பைத் தாண்டிவிட்டீர்கள், காலி செய்யுங்கள்' என்று கடிதம் வராது. வருடா வருடம் சான்றிதழ் காட்ட வேண்டியதும் இல்லை.

திருவாரூர் வாசகரின் குடும்பத்துக்கு நடந்ததோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். விவசாய வருமானம் மாதச் சம்பளம் போல ஒரே சீராக வருவதில்லை. ஒரு போகம் ஏறும், அடுத்த போகம் இறங்கும். ஏறிய வருடத்தை மட்டும் பார்த்து உதவியை நிறுத்தினால், இறங்கிய வருடத்தில் குடும்பத்துக்குக் கைகொடுக்க ஒன்றும் இருக்காது. எந்தத் திட்டத்திலும் வரம்பு எத்தனை ரூபாய் என்று கேட்பதோடு நிறுத்திவிடக் கூடாது. அந்த வரம்பை எப்போது, எத்தனை முறை பார்க்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

கேள்வி: 'வசதி வந்த பிறகும் அரசு வீட்டிலேயே இருந்தால், வீடில்லாத ஏழைக்கு எப்படி இடம் கிடைக்கும்? இது நியாயமா?' - ஈரோடு மாவட்ட வாசகர்.

பதில்: நியாயமான கேள்வி. வியன்னாவிலும் இதே கேள்வியைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல சம்பளம் வாங்குபவர் குறைந்த வாடகையில் இருக்க, புதிதாகக் குடும்பம் தொடங்கும் இளைஞர் வரிசையில் காத்திருக்கிறாரே என்ற குறை அங்கேயும் உண்டு.

வேறு ஊர்களில் இதற்கு மாற்று வழிகளை முயன்று பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அரசு வாடகை வீடுகளில் பெரும்பாலும் குடும்ப வருமானத்தில் 30 சதவிகிதம்தான் வாடகை. சில கழிவுகள் போக மீதி வருமானத்தில் இதைக் கணக்கிடுவார்கள். வருமானம் இல்லாத குடும்பத்துக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால், வருமானம் ஏறும்போது ஒவ்வொரு ஆயிரத்திலும் 300 வாடகைக்கே போய்விடும். இதற்கு மேல், 2016-ல் வந்த சட்டப்படி, அந்த வட்டாரத்தின் நடுத்தர வருமானத்தைப் போல 120 சதவிகிதத்தைத் தாண்டி 2 வருடம் தொடர்ந்து சம்பாதித்தால், சந்தை வாடகையைக் கட்ட வேண்டும் அல்லது வீட்டை விட வேண்டும்.

சிங்கப்பூரிலும் அரசு வாடகை வீடு உண்டு. அங்கே பெரும்பாலான மக்கள் வீட்டு வசதி வாரியம் கட்டிய வீடுகளை 99 வருடக் குத்தகையில் சொந்தமாக வாங்கியிருப்பவர்கள். வாங்க முடியாத ஏழைகளுக்கு மட்டும் வாடகை வீடு. அதற்குக் குடும்பத்தின் மாத வருமானம் 1,500 வெள்ளிக்குள் இருக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக அளவுகோலாக இருந்து வருகிறது. ஒப்பந்தம் 2 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். அப்போது வருமானத்தை மறுபடி பார்ப்பார்கள். அதற்கேற்ப வாடகையும் மாறும்.

இங்கிலாந்தில் நடந்ததையும் பார்க்கலாம். 2016-ல் ஒரு சட்டம் போட்டார்கள். மாநகராட்சி வீட்டில் இருக்கும் குடும்பத்தின் ஆண்டு வருமானம் லண்டனில் 40,000 பவுண்டையும், மற்ற ஊர்களில் 31,000 பவுண்டையும் தாண்டினால் கட்டாயம் கூடுதல் வாடகை வாங்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். கணவன், மனைவி இருவரும் சாதாரண வேலையில் இருந்தாலே இந்தத் தொகையைத் தொட்டுவிடும். கூடுதல் நேரம் வேலை பார்த்தால் வாடகை ஏறும் என்ற நிலை வந்தால் யார் கூடுதலாக உழைப்பார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே கட்டாயம் என்ற திட்டத்தை அரசு கைவிட்டது.

வியன்னா தன் வழியை மாற்றாமல் இருப்பதற்குச் சொல்லப்படும் காரணம் இரண்டு. ஒன்று, வசதி வந்தவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டால் அந்தக் குடியிருப்பில் மிகவும் நொந்துபோன குடும்பங்கள் மட்டும் மிஞ்சும். பிறகு 'அந்தப் பக்கமா? அது ஏழைகள் காலனி' என்று ஊர் ஒதுக்கிவைக்கும். பள்ளி, கடை, பேருந்து எல்லாம் அங்கே தரம் இறங்கும். வாத்தியாரும் கொத்தனாரும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் குடியிருப்பை யாராலும் அப்படி ஒதுக்க முடியாது. இரண்டாவது, வீட்டை இழக்கும் பயம் இல்லாவிட்டால்தான் ஒரு குடும்பம் துணிந்து அடுத்த படி ஏறும். மனைவி வேலைக்குப் போகலாமா, வேண்டாமா என்று வருமான வரம்பை வைத்துக் கணக்குப் போடும் நிலைமை யாருக்கும் நல்லதல்ல.

இதற்காக வியன்னா ஒரு விலையும் கொடுக்கிறது. இருப்பவரை வெளியேற்றாவிட்டால், புதியவருக்குப் புது வீடு கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டுவதை நிறுத்தினால் ஈரோடு வாசகர் சொல்லும் குறை உண்மையாகிவிடும். வியன்னா மாநகராட்சி 2004-க்குப் பிறகு பல வருடம் தானே நேரடியாக வீடு கட்டுவதை நிறுத்தி, வீட்டுச் சங்கங்களுக்கு உதவி செய்வதோடு நின்றது. பிறகு மறுபடி தொடங்கி, 2019-ல் புதிய மாநகராட்சிக் குடியிருப்பைத் திறந்தது.

கேள்வி: 'வருமானத்துக்காக வெளியேற்ற மாட்டார்கள், சரி. வேறு எந்தக் காரணத்துக்கும் வெளியேற்ற முடியாதா? வாடகை கட்டாமலே இருந்தால்?' - கடலூர் மாவட்ட வாசகர்.

பதில்: முடியும். ஆனால், சட்டம் சொல்லும் காரணம் இருக்க வேண்டும். நீதிமன்றம் வழியாகத்தான் நடக்க வேண்டும். ஆஸ்திரியாவின் வாடகைச் சட்டம் 1981-ம் ஆண்டைச் சேர்ந்தது. மாநகராட்சி வீட்டுக்கான ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி கிடையாது. '11 மாதம் முடிந்தது, காலி செய்' என்ற பேச்சு இல்லை.

வாடகை பாக்கி வைப்பது, வீட்டைப் பாழாக்குவது, அக்கம்பக்கத்தாருக்குப் பொறுக்க முடியாத தொல்லை கொடுப்பது, தான் குடியிருக்காமல் வேறு ஒருவருக்கு உள்வாடகைக்கு விடுவது, வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு வேறு இடத்தில் வசிப்பது ஆகியவை வெளியேற்றுவதற்கான முக்கியக் காரணங்கள். கொடுத்த வீட்டில் குடியிருக்காமல் அதை வைத்துச் சம்பாதிப்பவருக்குச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

வாடகை பாக்கியிலும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பாக்கி வைத்தவர் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை, வேலை போனது, உடம்பு முடியாமல் போனது போன்ற நிலைமை என்றால், நீதிமன்றம் தீர்ப்பு சொல்வதற்கு முன்பு பாக்கி முழுவதையும் கட்டி வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

வாடகை அதிகமாகப் போட்டிருக்கிறார்கள், பராமரிப்புக் கணக்கு தவறு என்பது போன்ற வழக்குகளுக்கு, நேராக நீதிமன்றம் போகாமல் மாநகராட்சியின் சமரச அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அங்கே கட்டணம் இல்லை. வீட்டுக்காரர் மாநகராட்சியே என்றாலும் மனுவை வாங்குவார்கள். குடியிருப்பவர்கள் சேர்ந்து தங்களுக்குள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, பராமரிப்பு, செலவுக் கணக்கு பற்றிக் கேள்வி கேட்கவும் வழி உண்டு.

குத்தகை நிலம் உழும் வாசகர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. தமிழ்நாட்டில் 1955-ம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் இதே அடிப்படையில்தான் போடப்பட்டது. குத்தகை பாக்கி, நிலத்தைப் பாழாக்குதல் போன்ற காரணங்கள் இருந்தால்தான், அதுவும் உரிய அதிகாரி முன் விசாரணை நடந்த பிறகுதான், குத்தகைதாரரை வெளியேற்ற முடியும். 1969-ம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமையைப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்தவருக்கும் வாய்மொழியாக உழுபவருக்கும் பிரச்னை வரும்போது என்ன வித்தியாசம் என்பது டெல்டா விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். வாடகை வீட்டிலும் அப்படித்தான். காகிதத்தில் இருக்கும் உரிமைதான் கடைசியில் கைகொடுக்கும்.

கேள்வி: 'ஒப்பந்தம் கணவர் பெயரில் இருக்கிறது. அவர் காலமாகிவிட்டால் மனைவி, பிள்ளைகள் கதி என்ன? அந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?' - திண்டுக்கல் மாவட்ட வாசகி.

பதில்: ஒப்பந்தம் செய்தவர் இறந்துவிட்டால், அவரோடு அதே வீட்டில் குடியிருந்த மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் ஒப்பந்தத்தில் அவர் இடத்துக்கு வரலாம். திருமணம் செய்யாமல் 3 வருடம் சேர்ந்து வாழ்ந்தவருக்கும் இந்த உரிமை உண்டு. அவர்களுக்கு அந்த வீடு உண்மையிலேயே தேவைப்பட வேண்டும் என்பது நிபந்தனை. வேறு ஊரில் சொந்த வீட்டில் இருக்கும் மகன், அப்பா இறந்த பிறகு வந்து உரிமை கேட்க முடியாது. கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மகள் கேட்கலாம். வளர்ந்த பிள்ளைகள் ஒப்பந்தத்துக்கு வரும்போது பழைய குறைந்த வாடகை அப்படியே தொடரும் என்று சொல்ல முடியாது. புதிய அளவுக்கு ஏறலாம்.

வாசகியின் கேள்விக்குப் பின்னால் இருக்கும் கவலை எந்த ஊருக்கும் பொதுவானது. வீடோ நிலமோ, ஆண் பெயரில் மட்டும் காகிதம் இருந்தால் அவருக்குப் பின் பெண் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கும். வாடகை ஒப்பந்தத்திலும் ஒதுக்கீட்டு ஆணையிலும் கணவன், மனைவி இருவர் பெயரையும் சேர்க்க இடம் இருந்தால், முதலிலேயே கேட்டுச் சேர்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: 'இத்தனை வீடு கட்ட அந்த ஊருக்குப் பணம் ஏது? கடன் வாங்கினார்களா?' - தருமபுரி மாவட்ட வாசகர்.

பதில்: முதல் உலகப்போர் முடிந்த 1918-ல் வியன்னா பசியும் வறுமையுமாகக் கிடந்தது. தொழிலாளர் குடும்பங்கள் ஒரு அறையும் ஒரு அடுப்படியும் கொண்ட வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தன. தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் வெளியே நடைவழியில், பல வீட்டுக்கும் பொதுவாக இருக்கும். படுக்க ஒரு கட்டிலை மட்டும் சில மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தவர்களும் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் பசி தாங்காத மக்கள் ஊருக்கு வெளியே காலியாகக் கிடந்த நிலத்தில் இறங்கி, காய்கறி போட்டு, ஆடும் முயலும் கோழியும் வளர்த்து, தாங்களே குடிசையும் வீடும் கட்டத் தொடங்கினார்கள். பிறகு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். வீடு வேண்டும் என்பவர் பணத்துக்குப் பதிலாகத் தன் உழைப்பை மணிக்கணக்கில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் தோட்டம் இருக்கும். நகர வாடகை வீட்டின் வரலாற்றில் ஒரு பக்கம் இப்படிக் கொல்லைத் தோட்டத்திலிருந்து தொடங்கியது.

1919-ல் சமூக ஜனநாயகக் கட்சி மாநகராட்சியைப் பிடித்தது. 1922-ல் வியன்னா தனி மாநிலம் ஆனதும், சொந்தமாக வரி போடும் அதிகாரம் கிடைத்தது. அடுத்த ஆண்டே, 1923-ல், நிதிப் பொறுப்பில் இருந்த ஹூகோ பிரைட்னர் வீடு கட்டுவதற்கென்றே ஒரு வரியைக் கொண்டுவந்தார். சின்ன வீட்டுக்குச் சின்ன வரி, மாளிகைக்குப் பெரிய வரி. மிகவும் விலை உயர்ந்த அரை சதவிகித இடங்களிலிருந்து மட்டும் அந்த வரியில் 40 சதவிகிதத்துக்கு மேல் வந்தது. அந்தப் பணத்தில், 1934 வரை, 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. கடன் வாங்கிக் கட்டாததால் வாடகையில் வட்டிச் சுமை ஏறவில்லை.

அவற்றில் பேர் பெற்றது 1930-ல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். சுமார் 1,380 வீடுகள். வாங்கிய இடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கட்டடம். மற்றதெல்லாம் முற்றமும் தோட்டமும். சலவைக்கூடம், குளியல்கூடம், குழந்தைகள் பள்ளி, நூலகம், மருத்துவ வசதி எல்லாம் உள்ளேயே இருந்தன. 1934 பிப்ரவரியில் நடந்த உள்நாட்டுச் சண்டையில் இந்தக் கட்டடத்தின் மீது அரசுப் படை பீரங்கியால் சுட்டது. மாநகராட்சியின் ஆட்சி பறிக்கப்பட்டது. ஆனால், வீடுகள் நின்றன. இன்றும் அதில் மக்கள் குடியிருக்கிறார்கள்.

இப்போது பணம் வரும் வழி வேறு. சம்பளத்தில் 1 சதவிகிதம் வீட்டு வசதிக்கென்று பிடிக்கப்படுகிறது. அதில் பாதியைத் தொழிலாளியும் பாதியை முதலாளியும் கொடுக்கிறார்கள். வீட்டுச் சங்கங்களுக்குத் தரும் உதவியும் பெரும்பகுதி கடனாகத் தரப்பட்டு, திரும்பி வந்து, அடுத்த வீட்டுக்குப் போகிறது. ஊர்ச் சீட்டுப் பணம் சுற்றி வருவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: 'நம் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போனால் இந்த வீடு கிடைக்குமா?' - புதுக்கோட்டை மாவட்ட வாசகர்.

பதில்: போனதும் கிடைக்காது. விண்ணப்பிப்பவர் வியன்னாவில் 2 வருடம் பதிவு செய்து குடியிருந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் குடியுரிமையோ, அதற்கு நிகரான நீண்டகாலக் குடியிருப்பு உரிமையோ வேண்டும். வயது 17 நிரம்பியிருக்க வேண்டும். அதோடு, இப்போது இருக்கும் வீடு நெருக்கடியாக இருக்கிறது, பெற்றோர் வீட்டில் இருக்கும் இளைஞர் முதல்முறை தனிக்குடித்தனம் போகிறார் என்பது போன்ற தேவையும் காட்ட வேண்டும். புதிதாகப் போகிறவர் தனியார் வீட்டில்தான் இருக்க வேண்டும். அங்கே காலவரையறை உள்ள ஒப்பந்தம்தான் பரவலாக இருக்கிறது. வாடகையும் அதிகம். அந்த ஊரின் முறையில் இருக்கும் பெரிய ஓட்டையே இதுதான். உள்ளே இருப்பவருக்கு நல்ல பாதுகாப்பு, புதிதாக வந்தவருக்கு நீண்ட காத்திருப்பு.

சிங்கப்பூரின் அரசு வாடகை வீடும் அந்நாட்டுக் குடிமக்களின் குடும்பங்களுக்கு உரியது. வேலை அனுமதியில் போகும் நம் ஊர்த் தொழிலாளிக்கு அது இல்லை. அவர் முதலாளி ஏற்பாடு செய்யும் விடுதியில்தான் இருப்பார். எனவே, ஏஜென்டுகள் யாராவது 'போனதும் அரசு வீடு' என்று ஆசை காட்டினால் நம்ப வேண்டாம்.

கேள்வி: 'மகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகிறாள். தமிழ்நாட்டில் இப்படி அரசு வாடகை வீடு, விடுதி இருக்கிறதா? வருமானம் ஏறினால் என்ன ஆகும்? எதைப் பார்த்துச் சேர்க்க வேண்டும்?' - கள்ளக்குறிச்சி மாவட்ட வாசகி.

பதில்: தமிழ்நாட்டில் அரசு ஏழைகளுக்குக் கட்டித் தரும் வீடுகளில் பெரும்பாலானவை, பயனாளி பங்குத்தொகை கட்டி ஒதுக்கீடு பெறும் வகையைச் சேர்ந்தவை. வாடகைக்கென்றே கட்டுவது இப்போதுதான் வளர்ந்து வருகிறது. காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மத்திய அரசின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலும், 2024 முதல், குறைந்த வாடகைக் குடியிருப்பு என்று தனிப் பிரிவு இருக்கிறது. அந்தத் திட்டத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை இருந்தால் நலிந்த பிரிவு, 3 லட்சத்துக்கு மேல் 6 லட்சம் வரை குறைந்த வருமானப் பிரிவு.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், கடமைகளுக்கான சட்டம் 2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும், வாடகைக்கு ரசீது தர வேண்டும், முன்பணத்துக்கு 3 மாத வாடகை அளவு, தகராறு வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கக் கூடாது என்றெல்லாம் அந்தச் சட்டம் சொல்கிறது. துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் முறையிடலாம்.

ஆனால், அரசுக்கும் உள்ளாட்சிக்கும் அரசு நிறுவனங்களுக்கும் சொந்தமான கட்டடங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஒரு கம்பெனி தன் ஊழியர்களுக்கு வேலை ஒப்பந்தத்தின் பகுதியாகத் தரும் இடத்துக்கும் பொருந்தாது. தனியார் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பெண்ணுக்கு இந்தச் சட்டம் துணை. அரசு அல்லது கம்பெனி தரும் இடத்தில் இருக்கும் பெண்ணுக்கு, அவள் கையில் இருக்கும் ஒதுக்கீட்டு ஆணையும் ஒப்பந்தமும்தான் துணை. அரசுக் கட்டடத்தில் அனுமதியின்றி இருப்பதாகச் சொல்லி வெளியேற்ற 1975-ம் ஆண்டின் பொது இடங்கள் சட்டம் இருக்கிறது. அதன்படியும் முதலில் காரணம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீஸ் வந்தால் அலட்சியமாக விடாமல், கொடுத்த கெடுவுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி கிடைக்கும்.

வருமான வரம்பு உள்ள எந்த வீடானாலும், விடுதியானாலும், கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

1. யாருடைய வருமானம்? தங்கப்போகிறவரின் சம்பளம் மட்டுமா, ஊரில் இருக்கும் அப்பாவின் நில வருமானமும் சேருமா? குடும்பம் என்றால் யார் யார்?

2. எந்தக் காலத்து வருமானம்? ஒரு வருடத்தைப் பார்க்கிறார்களா, சில வருடச் சராசரியையா? நன்றாக விளைந்த ஒரே வருடத்தை வைத்துச் சான்றிதழ் வாங்கும்போது இது முக்கியம்.

3. மறுபடி எப்போது பார்ப்பார்கள்? சேரும்போது மட்டுமா, வருடா வருடமா, ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதா?

4. வரம்பைத் தாண்டினால் என்ன? உடனே காலி செய்ய வேண்டுமா, வாடகை ஏறுமா, எத்தனை மாத அவகாசம்?

5. வேலையை விட்டால் அல்லது கம்பெனி நிறுத்தினால் தங்கும் இடமும் அன்றே போய்விடுமா? எத்தனை நாள் இருக்கலாம்?

6. முன்பணம் எவ்வளவு? ரசீது உண்டா? எந்தக் காரணத்துக்குப் பிடித்தம் செய்வார்கள்?

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கும்போது, நில வருமானம், சம்பளம், கூலி ஆகியவற்றைத் தனித்தனியாகச் சரியாகச் சொல்லுங்கள். விளைச்சல் பொய்த்த வருடம் என்றால் அதை கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரணையின்போதே எடுத்துச் சொல்லுங்கள். பயிர்ச் சேதக் கணக்கெடுப்பில் உங்கள் சர்வே எண் இருந்தால் அதன் நகலையும் காட்டுங்கள். போன வருடத்துச் சான்றிதழில் உள்ள தொகையே இந்த வருடமும் தானாகத் தொடர வேண்டும் என்பதில்லை. திருவாரூர் வாசகர் தன் சின்ன மகளுக்காக இந்த வருட வருமானத்தை வைத்துப் புதிய சான்றிதழ் பெற்று, உதவித்தொகைக்குப் பள்ளி அல்லது கல்லூரி வழியாக மறுபடி விண்ணப்பிக்கலாம்.